ஏழாம் நம்பர் மைக்

எனக்கு அந்தச் சங்கீதம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடைக்காலத்தில் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பூங்காவின் புல்வெளியில் ராக்கும் ஜாஸும் கலந்து ஓர் இலவசக் கச்சேரி நடக்கும். கலந்து என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஒருவர் கிடாரை வில்லால் தேய்ப்பார். இன்னொருவர் ட்ரம்மின் மேல் சங்கிலியைப் போட்டு இழுப்பார். பூட்டிய சமையலறைக்குள் பாத்திரங்கள் சண்டை போடுவதுபோல இருக்கும். சனங்கள் விரிப்பைப் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். காசு கேட்காவிட்டால் எதற்கும் தலையாட்டுவார்கள் என்பார் என் வீட்டுக்காரர். அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை.

நான் போவது உத்தியோகத்துக்காக. பூங்கா அலுவலகத்தில் இரைச்சல் அளப்பது என் பொறுப்பு. கையில் ஒரு கருவி, கழுத்தில் அடையாள அட்டை, பையில் நோட்டு. பின்பக்க வேலி ஓரம் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை டெசிபல் எண்ணை எழுத வேண்டும். எழுபத்தைந்தைத் தாண்டினால் எதிர்க் குடியிருப்பிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி போன் போடுவார். அவர் போன் போட்டால் என் மேலதிகாரி என்னைப் பிடிப்பார். நான் போய் சவுண்ட்காரரைப் பிடிப்பேன்.

பதினோரு கோடைகளாக அந்தச் சவுண்ட்காரரைத் தெரியும். பேருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒலிபெருக்கிகளைப் பராமரிப்பது அவருக்குப் பகல் வேலை. எந்த வண்டி எந்த மேடை என்று நாள் முழுக்கக் கத்தும் பெட்டிகளுக்கு நடுவில் இருந்ததாலோ என்னவோ, அவர் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்து கேட்க வேண்டும். ஒல்லியான ஆள். கான்வாஸ் ஷூ. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனா, ஒரு ஒட்டு டேப். வயரைச் சுற்ற வேறு யாரையும் விடமாட்டார். அவர் சுற்றி வைத்த வயர் உதறினால் முடிச்சில்லாமல் நேராக விழும். மைக்கைத் தட்டிப் பார்ப்பவர்களையும் ஊதிப் பார்ப்பவர்களையும் பார்த்தால் அவருக்கு ஆகாது. "மனுஷன் காதுல ஊதுவாங்களா மேடம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

மேடையின் இடது ஓரத்தில் ஒரு மைக் நிற்கும். அதன் கழுத்தில் டேப் ஒட்டி மார்க்கரில் 7 என்று எழுதியிருக்கும். போன மூன்று கோடைகளாக அதன் முன் யாரும் நிற்பதில்லை. வாசிக்க வருகிறவர்கள் கேட்டால், "ஸ்பேர். தொடாதீங்க" என்பார். ஸ்பேர் மைக்குக்கு எதற்கு வயர் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. அளக்கிற வேலை பார்த்தால் அப்படித்தான், எதைப் பார்த்தாலும் துருவச் சொல்லும்.

அவர் கூடாரத்தில் மிக்ஸர் என்கிற அந்தப் பெரிய பொத்தான் மேசை இருக்கும். ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு தள்ளு பொத்தான், அதன் மேல் ஒரு மியூட் பொத்தான். மியூட்டை அழுத்தினால் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரியும், மைக் ஊமையாகிவிடும். ஏழாம் நம்பரின் மியூட் பொத்தான் மேல் மட்டும் யாரும் அழுத்த முடியாதபடி தடிமனாக டேப் சுற்றி ஒட்டியிருந்தார்.

போன கோடையில் ஒருநாள், கச்சேரி தொடங்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. புல்வெளி காலி. வெயில் சாய்ந்து மேடையின் மேல் விழுந்து கிடந்தது. அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ஆளில்லாத மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னதான் கேக்குது அதுல?" என்றேன்.

ஹெட்ஃபோனைக் கழற்றி என் தலையில் வைத்தார். மூச்சு கேட்டது. யாரோ பக்கத்தில் நின்று மெல்ல இழுத்து, நிறுத்தி, மெல்ல விடுகிற மூச்சு.

"காத்துதானே?" என்றேன்.

"ஆமா மேடம். காத்துதான்."

மேடை ஓரத்தில் கட்டியிருந்த காகிதக் கொடிகளைப் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை. அளக்க முடியாததை நோட்டில் எழுதக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. நான் எழுதவில்லை. ஆனால் கை முடியெல்லாம் குத்திட்டு நின்றது, அதை மறைக்க மாட்டேன். அன்றுதான் அவர் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார்.

அந்த இடத்தில் நின்று வாசித்தவர் அவருடைய அண்ணன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர், ஓய்ந்த நேரத்தில் சாக்ஸபோன். அவர்களுடைய அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்குவார். வீட்டில் ஸ்பூன் விழுந்தால்கூட அன்றைக்கு இரண்டு பேருக்கும் முதுகு வீங்கும். அதனால் அண்ணன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சாக்ஸபோனின் வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டு பழகுவார். தம்பிக்குக் கதவுக்கு வெளியே காவல்.

"வெளியே கேக்குதாடா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

"கேக்கலைண்ணா" என்பார் இவர்.

"அந்த வயசிலேயே எனக்கு இந்த வேலைதான் மேடம்" என்று சிரித்தார். அப்படிப் பழகித்தான் அண்ணனுக்கு மூச்சிலேயே வாசிக்கிற வித்தை பிடிபட்டிருக்கிறது. சுரமே கிடையாது. சாக்ஸபோனுக்குள் போகிற மூச்சு, விரல் பட்டு, சாவிகள் என்கிற அதன் மூடிகள் தட்டுகிற சின்னச் சின்னச் சத்தம், அவ்வளவுதான். முப்பது வருஷம் வீட்டுக்குள் வாசித்துப் பார்த்ததை நாலு கோடைக்கு முன்னால் முதல் தடவையாக மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. ஆறு நிமிடம். மைக் வாயை ஒட்டி இருந்தால்தான் கேட்கும். மைக் இல்லாவிட்டால் முதல் வரிசைக்குக்கூட ஒன்றும் கேட்காது.

திறந்தவெளியில் சும்மா இருக்கிற மைக் காற்றை இழுத்து உறுமும். அதனால் தேவைப்படும்வரை அதை மியூட்டில் வைத்திருப்பது இவருடைய பழக்கம். இரண்டு பேருக்கும் ஓர் அடையாளம் உண்டு. அண்ணன் தொப்பியின் நுனியைத் தொடுவார், தம்பி ஏழாம் நம்பரைத் திறப்பார். அன்றைக்கும் அண்ணன் தொப்பியைத் தொட்டிருக்கிறார்.

தம்பி பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதை அவர் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த நேரத்தில் அவருக்கும் மேடைக்கும் குறுக்கே கருவியை நீட்டிக்கொண்டு நின்றவள் நான்.

"எண்பத்தொண்ணு காட்டுது. கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அது கைதட்டல் மேடம், இப்பக் குறைஞ்சிடும்" என்றார்.

நான் விடவில்லை. நீதிபதியிலிருந்து என் மேலதிகாரிவரை எல்லோருடைய கோபத்தையும் அந்த மனிதரின் தலையில் கொட்டிவிட்டுத்தான் நகர்ந்தேன். திரும்பி நடக்கும்போது பார்த்தால் அருமையான அமைதி. வேலிக்குப் போய் எழுதினேன். ஏழு நாற்பது, எண்பத்தொன்று. ஏழு நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டுக்குப் பக்கத்தில் 'நல்லது' என்று வேறு எழுதினேன். நான் போட்ட சத்தத்தில் ஆள் வழிக்கு வந்துவிட்டார் என்று நினைப்பு. கச்சேரி முடிந்ததும் கூடாரத்துக்குப் போய் அவருக்கு நன்றியும் சொன்னேன். அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம் கழிச்சு சிவப்பு விளக்கைப் பாத்துட்டேன் மேடம்" என்றார் அவர். "திறந்திருக்கலாம். ஆனா சனங்க அசையாம உக்காந்திருந்தாங்க. வேணும்னே சத்தமில்லாம வாசிக்கிறார்னு நினைச்சுட்டாங்க. நடுவுல திறந்தா பட்டுன்னு சத்தம் வந்து, நான் கோட்டை விட்டது எல்லாருக்கும் தெரிஞ்சிடும். கை வரலை. முதல் நிமிஷம் தப்பு. மீதி அஞ்சு நிமிஷம் கோழைத்தனம்."

அறுநூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'மௌனத்தை வாசித்த மனிதர்' என்று ஒரு பத்திரிகையில்கூட வந்தது. விவரம் தெரியாதவர்கள் எழுதினால் இப்படித்தான்.

மூன்றாம் நாள் அண்ணன் போன் செய்திருக்கிறார். ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில், "வெளியே கேட்டுச்சாடா?" என்று கேட்டிருக்கிறார்.

"கேட்டுச்சுண்ணா. கடைசி வரிசை வரைக்கும்."

 அண்ணன், "சரி, வை" என்று வைத்துவிட்டார். மறுநாள் கண்ணாடிக் கடை மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் தூக்கம் சரியில்லை. அந்த வருஷத்து நோட்டு அலுவலக அலமாரியில் இருக்க வேண்டியது. நான் என் பையிலேயே வைத்துச் சுமந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் குக்கர் மூச்சு விட்டால்கூட திரும்பிப் பார்க்கிறேன்.

இந்தக் கோடையின் முதல் கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்னால் அவருடைய அண்ணி பூங்காவுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அண்ணன் வாசித்த அன்று அவருக்கு டியூட்டி, வர முடியவில்லை. நானும் சவுண்ட்காரரும் மேடைக்கு எங்கே மின் இணைப்பு கொடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, அவர் கூட வாசிச்சவங்க எல்லாம் இந்தத் தடவை அவர் நினைவா வாசிக்கிறாங்க. அந்த ஆறு நிமிஷத்தை நீ போடணும். உன்கிட்ட பதிவு இருக்கும்ல?"

சவுண்ட்காரர் கையிலிருந்த டேப்பைக் கிழித்தார், ஒட்டினார், மறுபடி கிழித்தார்.

"நாள் முழுக்க ஊர்ச்சனத்துக்கு மூச்சைப் பிடிங்க, இப்ப விடுங்கன்னு சொல்றவ நான்" என்றார் அண்ணி. "என் வீட்டுக்காரர் மூச்சை வாசிச்சதைக் கேக்க எனக்குக் குடுத்து வைக்கலை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சுன்னு நீ சொன்னேல்ல, அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாலு வருஷமா இருக்கேன். நானும் அங்கேயே உக்காந்து கேக்கணும்."

"போடறேன் அண்ணி" என்றார் அவர். வேறு என்ன சொல்ல முடியும்.

அண்ணி போன பிறகு என்னிடம் சொன்னார். ஒவ்வொரு மைக்கின் ஒலியும் ஸ்பீக்கருக்கு ஒரு வழியிலும் பதிவுக்கு ஒரு வழியிலும் போகும். வழக்கமாக மியூட் ஸ்பீக்கரை மட்டும்தான் அடைக்கும். ஆனால் அந்த வாரம் அவர் வயரையெல்லாம் மாற்றிப் போட்டிருந்தார். பதிவையும் சேர்த்து அடைத்திருக்கலாம். அப்படியானால் அண்ணன் முப்பது வருஷம் பழகியது இந்த உலகத்தில் எங்குமே இல்லை. திறந்து பார்க்காதவரை இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த நினைப்பில்தான் நாலு வருஷத்தை ஓட்டியிருக்கிறார்.

"இல்லைன்னா அண்ணிகிட்ட என்ன சொல்றது? இருந்தாலும் என்ன சொல்றது?" என்றார்.

மறுநாள் கணினித் திரையில் பார்த்ததாகச் சொன்னார். ஏழாம் நம்பர் கோட்டில் அலை இருந்தது, ஆறு நிமிடத்துக்கும். கண்ணால் பார்த்ததோடு சரி, காதால் கேட்கவில்லை. முதலில் கேட்கும் தகுதி அண்ணிக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

கச்சேரி நாள் வந்தது. நல்ல கூட்டம். அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். மேடையின் இடது ஓரத்தில் வழக்கம்போல அந்த மைக். நான் வேலிக்குப் போகவில்லை. கூடாரத்திலேயே, ஆனால் இந்தத் தடவை அவர் பார்வையை மறைக்காமல், பக்கவாட்டில் நின்றேன். ஏழே முக்காலுக்கு ட்ரம்ஸ் நின்றது, கிடார் நின்றது. வாசித்தவர்கள் அவரவர் இடத்தில் தலைகுனிந்து நின்றார்கள். அவர் பதிவைத் தொடங்கினார்.

மூச்சு வந்தது. இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் ஒரு மனிதரின் மூச்சு. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அது ஏறி, நின்று, இறங்கியபோது என் மூச்சும் கூடவே போனது. சாவிகள் தட்டுகிற சத்தம் ஓட்டின் மேல் முதல் தூறல் விழுவதுபோல இருந்தது. போன கோடையில் ஹெட்ஃபோனில் கேட்ட அதே மூச்சு. அதை நான் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

இரண்டாவது நிமிடத்தில் மூச்சு நின்றது. சன்னமாக ஒரு குரல்.

"டேய்... ஏழு."

மறுபடி மூச்சு. சவுண்ட்காரரின் கை மேசை மேல் அப்படியே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில், ஊதுகிற இடைவெளியில் மறுபடி அந்தக் குரல்.

"தம்பி, ஏழு திறக்கலைடா."

மேடையில் நிற்கிறவருக்குத் தன் வாசிப்பு எதிர்க் குடியிருப்புச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்று பிற்பாடு அவர் எனக்கு விளக்கினார். அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அண்ணனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தம்பியைக் கூப்பிட அவருக்கு இருந்தது அந்த ஒரு வயர்தான், அதைத்தான் தம்பி அடைத்து வைத்திருந்தார். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி ஊதியிருக்கிறார். மூன்றாவது தடவை கூப்பிடவில்லை. "சரி, விடு" என்று தனக்குத்தானே சொன்னது கேட்டது. அதற்கப்புறம் மூன்று நிமிடம், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே, ஒரு சாவி தப்பாமல் வாசித்து முடித்திருந்தார். கடைசியில் எங்கோ தூரத்தில் அறுநூறு பேர் தட்டிய கைதட்டல். பதிவு அதோடு நின்றது.

அப்படியானால் மூன்றாம் நாள் போனில் 'வெளியே கேட்டுச்சாடா' என்று கேட்டபோது அவருக்குப் பதில் தெரியும். தம்பி வாயால் வரட்டும் என்றுதான் கேட்டிருக்கிறார். எனக்கு இது புரிவதற்குள் சவுண்ட்காரருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

புல்வெளி முழுக்கக் கைதட்டல். குரலும் வாசிப்பில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அத்தனை பேரையும் பாயோடு சுருட்டி வெளியே போட்டிருப்பேன். அண்ணி மட்டும் தட்டவில்லை. எழுந்து நின்று, திரும்பி, கூடாரத்தைப் பார்த்தார்.

சவுண்ட்காரர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "மேடம், அந்தப் பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமா மேல தள்ளிக்கிட்டே இருங்க. நான் சன்னமாத்தான் பேசுவேன்" என்று ஏழாம் நம்பரைக் காட்டிவிட்டு மேடையை நோக்கி நடந்தார். பதினோரு வருஷத்தில் அவர் மேடை ஏறி வயர் சுற்றித்தான் பார்த்திருக்கிறேன். அந்த மைக்கின் முன்னால் போய் நின்றார். நான் பொத்தானைத் தள்ளினேன்.

"அண்ணி" என்றார். பூங்கா முழுக்கக் கேட்டது. "அன்னிக்கு நான் இதைத் திறக்கலை. அவர் வாசிச்சது யாருக்கும் கேக்கலை. தெரிஞ்சும் திறக்கலை. உங்ககிட்ட பொய் சொன்னேன். அவர்கிட்டயும் சொன்னேன்."

கூட்டம் அடங்கிவிட்டது. அவர் இன்னும் குனிந்து, கதவில் காதை வைப்பதுபோல மைக்கின் பக்கம் முகத்தைக் கொண்டுபோனார்.

"கேக்கலைண்ணா. வெளியே கேக்கலை."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த மூச்சு விடவே இல்லை. ஸ்பீக்கரில் ஒன்றுமே இல்லை. நான் பயந்துவிட்டேன். அதற்குள் அண்ணி வரிசைகளைத் தாண்டி மேடைக்குக் கீழே வந்திருந்தார். அண்ணி சொன்னதையும் அந்த மைக் பிடித்து, கடைசி வரிசைவரை கொண்டுபோனது.

"மூச்சை விடு தம்பி. ம், விடு."

அவர் விட்டார். அழுகையும் மூச்சுமாக அது வேலிவரை போயிற்று. அந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. எதிர்க் குடியிருப்பில் நீதிபதி பால்கனியில் நின்றுகொண்டிருந்தார். போன் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் வெளிச்சம் மீதி இருந்தது. அவர் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணி மேடை விளிம்பில் உட்கார்ந்து, அந்த ஏழாம் நம்பர் மைக்கைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். நான் கூடாரத்தில் நின்று யோசித்தேன். அவ்வளவு பேர் முன்னால் அத்தனையும் சொன்ன மனிதர், குறுக்கே நின்றவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டார். நான் பேசாமல் வீட்டுக்குப் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். அண்ணியிடம் போய்ப் பக்கத்தைப் பிரித்து, நாற்பத்தெட்டையும் அதன் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்த 'நல்லது' என்பதையும் காட்டினேன்.

"அன்னிக்கு இவரை மேடையைப் பாக்க விடாம குறுக்கே நின்னது நான்தாம்மா" என்றேன்.